புகார் வந்தா பதறாத மாப்ளே!

மாப்ளே, ஒரகடத்துல கார் கம்பெனியில உனக்கு வேலை கெடச்சிருச்சுன்னு உங்கம்மா தெரு பூராவும் காராபூந்தி குடுத்துட்டுப் போயிருக்கா. அதுவும் புகார் பாக்குற பிரிவாமுல்ல. கார் வாங்கினவன் இது ஓடல, அது நிக்கலன்னு எழுதிப் போடுறதைப் படிச்சு, தினுசு தினுசாப் பிரிச்சு அடுக்கணுமாம். நல்ல வேலைதான். ஏசி ரூமு, கையில கிரீஸ் ஒட்டாது, மேல வெயில் படாது. எங்காலத்துல அப்படி ஒரு உத்தியோகம் இருந்திருந்தா நானும் எட்டாப்புக்கு மேல படிச்சிருப்பேன்.

ஆனா புகாரைக் கையாளத் தனியா ஒரு சாமர்த்தியம் வேணும் மாப்ளே. காலேஜுல அத நடத்த மாட்டாங்க. தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்? உன் தங்கச்சி இன்ஜினியரிங் கடைசி வருசத்துல அமெரிக்கக் கார் ஒண்ணப் பத்தி புராஜெக்ட் எழுதினாளே, ராத்திரி திண்ணையில உக்காந்து என்கிட்டத்தான் படிச்சுக் காட்டுவா. அந்த வீட்டுல தூங்காமக் கேக்குற ஆளு நான் ஒருத்தன்தான். புகாரைச் சத்தமில்லாம எப்படிப் பொதைக்கிறதுன்னு அம்புட்டு வித்தையும் அதுல இருந்துச்சு. காதைக் குடு.

செவர்லே கோபால்ட்னு ஒரு செடான். நம்ம மேலத்தெரு கோபாலு பேரு மாதிரி இருக்கவும் எனக்கு மறக்கல. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஒகையோ மாநிலத்துல லார்ட்ஸ்டவுன்ங்கிற ஊருல செஞ்சு, 2004 கடைசியில விக்க ஆரம்பிச்சுச்சு. சின்ன வண்டி, தோதான விலை. புதுசா லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு அப்பன் ஆத்தா நம்பி வாங்கிக் குடுக்குற ரகம். வாங்கினவங்க கொஞ்ச நாள்லயே எழுத ஆரம்பிச்சுட்டாங்க. நல்லாப் போய்க்கிட்டு இருக்கிற வண்டி நடுரோட்டுல தானா அணைஞ்சு போகுது. முட்டி சாவியில இடிச்சா அணையுது. பள்ளத்துல ஏறி எறங்குனா அணையுது. அணைஞ்ச மறுநிமிசம் ஸ்டியரிங்கு இறுகிப் போகுது, பிரேக்கை ஏறி மிதிச்சாத்தான் பிடிக்குது.

இத எழுதினவன் எவனும் விஞ்ஞானி இல்ல. வண்டி வச்சிருக்கிறவன், அம்புட்டுதான். ஆனா பாரு, முட்டி, சாவி, பள்ளம், மூணையும் சொல்லிப்புட்டான். அதுக்கு மேல ஒரு நோயாளி டாக்டர்கிட்ட என்னத்தச் சொல்லுவான்?

கம்பெனிக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. 2004 நவம்பர்ல ஒரு ஃபைலைத் தொறந்தான். அவுக இன்ஜினியர் ஒருத்தரே ஓட்டிப் பாத்து, முட்டி பட்டு வண்டி அணைஞ்சதக் கண்ணால பாத்திருக்காரு. என்ன செய்யலாம்னு யோசனையும் பண்ணினாங்க. 2005 மார்ச்சுல ஃபைலை மூடிட்டாங்க. எதைச் செஞ்சாலும் காசும் நாளும் ஆகும், வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாதுன்னு அதுலயே எழுதி வச்சுத்தான் மூடினாங்க. நீ கத்துக்க வேண்டியது இங்கதான் இருக்கு. இந்தப் புகாரை அவுக ‘பாதுகாப்பு’ங்கிற பெட்டியில போடல. ‘வாடிக்கையாளர் வசதி’ங்கிற பெட்டியில போட்டாங்க. கப்பு வைக்கிற எடம் சின்னதா இருக்கு, சீட்டுத் துணி அரிக்குது, நெடுஞ்சாலையில இன்ஜின் அணைஞ்சு போகுது, எல்லாம் ஒரே வரிசையில. பாதுகாப்புப் பெட்டியில போட்டா சர்க்காருக்குச் சொல்லணும், வண்டியத் திரும்பக் கூப்பிடணும், தூக்கம் போயிரும். வசதிப் பெட்டியில போட்டா, அடுத்த மாடல்ல பாத்துக்கலாம். நாளைக்கு உன் டேபிள்லயும் இந்த ரெண்டு பெட்டி இருக்கும் மாப்ளே. எந்தப் பெட்டி எப்பவும் நெறஞ்சு கெடக்குதுன்னு போன மொத நாளே பாத்துக்க.

பெட்டியில போட்டு மூடின பிறகும் சனம் சும்மா இருக்கல. பத்திரிகையில கார் ஓட்டிப் பாத்து எழுதுறவங்களும் 2005-லயே இதப் போட்டு எழுதிப்புட்டாங்க. கம்பெனி ஒரு பதில் கண்டுபிடிச்சுச்சு பாரு, எனக்குக் கைதட்டணும்போல இருந்துச்சு: சாவிக்கொத்துல கனமான சாமானெல்லாம் தொங்க விடாதீங்க! 2005 டிசம்பர்ல டீலருக்கெல்லாம் ஓலை போச்சு. வண்டிக்காரன் வந்து அழுதா, தேவையில்லாத சாவியக் கழட்டச் சொல்லு, அப்பவும் அழுதா சாவித் தலையில இருக்கிற நீள ஓட்டையச் சின்னதாக்க ஒரு பிளாஸ்டிக்குத் துண்டு குடுன்னு. வளையம் அங்கிட்டு இங்கிட்டு நகராதாம். எத்தனையோ லட்சம் வண்டி ஓடுன நாட்டுல அந்தத் துண்டை வாங்கினவங்க 474 பேருன்னு கம்பெனி கணக்கே சொல்லுது. ஓலை எழுதினவங்க இன்னொரு சாமர்த்தியமும் பண்ணினாங்க. வண்டி ‘நின்னு போகுது’ங்கிற வார்த்தை அதுல வராமப் பாத்துக்கிட்டாங்க. வந்தா சர்க்கார் ஆபீஸ்காரன் மூக்கு வேர்த்துரும்ல.

என் அரைஞாண் கயித்துல தொங்குற கொத்தைப் பாத்திருக்கயில்ல? பத்தாயச் சாவி, மோட்டார் ரூம் சாவி, வடக்குக் கேட்டுச் சாவி, உங்க அத்தைக்குத் தெரியாத டிரங்குப் பெட்டிச் சாவி, போதாக்குறைக்குக் காது குடையிற குச்சியும் முள்ளு வாங்கியும். மனுசன்னா நாலு பூட்டு இருக்கத்தான் செய்யும். சாவிக்கொத்து தொங்குனா அணைஞ்சு போற வண்டியச் செஞ்சவன் மேல தப்பில்லையாம், வீடு வாசல்னு நாலு பூட்டு வச்சிருக்கிறவன்தான் திருந்தணுமாம். புகார் எழுதினவன் மேலயே புகாரைத் திருப்பிப் போடுறது சாதாரண வித்தை இல்ல. நீ பழகிக்க நாளாகும்.

உள்ள என்ன கோளாறுன்னு கேக்கியா? கேவலம், சின்னச் சமாச்சாரம். சாவி போடுற ஓட்டைக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச். அதுக்குள்ள சின்னதா ஒரு குச்சி, அதத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கு. சாவியத் திருப்புறப்ப ‘டக்’குன்னு ஒரு பள்ளத்துல போய் உக்காருதுல்ல, அது அந்தக் குச்சிதான். இந்த வண்டியில குச்சி குட்டை, ஸ்பிரிங்கு சோப்ளாங்கி. எம்புட்டு விறைப்பு வேணும்னு கம்பெனியே எழுதி வச்சிருந்த கணக்குக்கு அது எட்டல. டெல்ஃபின்னு ஒரு உதிரிபாகக் கம்பெனி செஞ்சு குடுத்தது. எட்டாதுன்னு தெரிஞ்சே 2002-ல இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாரு. அந்தச் சுவிட்சோட மாரடிச்ச கடுப்புல, அது நரகத்துலருந்து வந்த சுவிட்சுன்னு தன் மெயில்லயே எழுதி வச்ச மனுசன் அவரு. நரகத்துலருந்து வந்ததுன்னு தெரியுது, அப்புறம் எதுக்கய்யா கார்ல மாட்டுனன்னு கேக்க ஆளில்ல.

சாவி வழுக்கி ஒரு படி கீழ எறங்குச்சுன்னா இன்ஜின் மட்டும் போகல மாப்ளே. ஏர்பேக்குக்குப் போற கரண்டும் போயிரும். வண்டி அணைஞ்சு, ஸ்டியரிங்கு இறுகி, ரோட்டை விட்டு எறங்கி மரத்துல போய் மோதுறப்ப, காப்பாத்த வேண்டிய பலூன் மடிச்சு வச்ச எடத்துலயே தூங்கும். சாவி கீழ எறங்குனா ஏர்பேக்கு வேலை செய்யாதுன்னு சுவிட்ச் பாத்த இன்ஜினியருக்குத் தெரியல. தன் கம்பெனி, தன் கார், தான் படிச்ச படிப்பு. அதனாலதான் இது வெறும் வசதிக் குறைவுன்னு நெஞ்சாரச் சொன்னாங்க.

தெரிஞ்சது யாருக்குங்கிற? விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு போலீஸ்காரருக்கு. 2006 அக்டோபர்ல அங்க ஒரு கோபால்ட் மரத்துல மோதி ரெண்டு சின்னப் பொண்ணுக செத்துப் போச்சுக. அவரு போய்ப் பாத்தாரு. சாவி எறங்கிக் கெடக்கு, ஏர்பேக்கு விரியல. அந்த 2005 ஓலையையும் தேடி எடுத்து, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்போலன்னு 2007-லயே ரிப்போர்ட் எழுதிட்டாரு. இன்ஜினியரிங் காலேஜ் வாசல்ல கூட மழைக்கு ஒதுங்கியிருக்க மாட்டாரு. அந்த ரிப்போர்ட் அதே வருசம் கம்பெனி ஃபைலுக்குள்ள வந்து உக்காந்திருச்சு. அதப் படிக்க வேண்டியவுகதான் வருசக்கணக்கா உக்காரல. சர்க்கார் பக்கமும் பெருமைப்பட ஒண்ணுமில்ல. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆபீஸ்ல ஒரு அதிகாரி, இத விசாரிக்கணும்னு 2007-ல சொன்னாரு. கூடிப் பேசி, விசாரிக்கிற அளவுக்குப் பெருசாத் தெரியலன்னு விட்டுட்டாங்க. 11 வருசத்துல இந்த வண்டிகளப் பத்தி 260-க்கு மேல புகார் அந்த ஆபீசுக்குப் போயிருந்துச்சு. படிச்சவனுக்குத்தான் பெருசாத் தெரியல.

வண்டிக்கு வேற நோவும் உண்டு. வெயில் கூடுன மாநிலத்துல பெட்ரோல் பம்புல பிளாஸ்டிக்கு விரிசல் விட்டு ஒழுகுச்சு. பவர் ஸ்டியரிங் மோட்டாரு திடீர்னு நின்னு போகுதுன்னு 2010 மார்ச்சுல கோபால்ட்டையும் அது கூடப்பொறந்ததுகளையும் சேத்து 13 லட்சம் வண்டியக் கூப்பிட்டுச் சரி பண்ணினாங்க. அத நல்ல விதமாச் செஞ்சாங்க, குத்தம் சொல்ல மாட்டேன். சாவி விசயத்துலதான் அவுகளுக்குச் சாமி வந்த மாதிரி மௌனம்.

இப்ப உன் ஆபீசுக்கு ரொம்ப வேண்டிய பாடம். 2008-ல அந்தக் கம்பெனி தன் ஆளுகளுக்கு ஒரு வகுப்பு எடுத்துச்சு. ரிப்போர்ட்டுல எந்தெந்த வார்த்தை எழுதக் கூடாதுன்னு 69 வார்த்தைப் பட்டியல். ‘சாவுப்பொறி’ எழுதாத, ‘உருண்டு போற சவப்பெட்டி’ எழுதாத. இம்புட்டு அழகா யோசிச்சுத் தடை போட்டிருக்கான்னா, இதுக்கு முன்னாடி எவனோ எழுதியிருக்கான்னுதான் எனக்குத் தோணுது. அதோட விட்டாங்களா? ‘பிரச்சினை’ன்னு எழுதாம ‘நிலைமை’ன்னு எழுது. ‘குறைபாடு’ன்னு எழுதாம ‘வடிவமைச்சபடி நடக்கல’ன்னு எழுது. உங்க அத்தை வைக்கிற குழம்பைப் பத்தி இனிமே நானும் அப்படித்தான் சொல்லலாம்னு இருக்கேன்.

கூட்டத்துல எப்படி உக்காரணும்கிறதும் இருக்கு. பின்னால அந்தக் கம்பெனியே அன்டன் வலுக்காஸ்னு ஒரு வக்கீலை வச்சு விசாரிச்சுச்சு. 2014 ஜூன்ல வெளிவந்த அந்த ரிப்போர்ட் 300 பக்கத்துக்கு மேல. அதுல அவுக வழக்கம் ரெண்டு வருது. எல்லாரும் கூடி, ஆமா, இதச் செஞ்சே ஆகணும்னு தலையாட்டுறது, எழுந்து போன பிறகு எவனும் செய்யாம இருக்கிறது. அதுக்கு ‘ஜிஎம் தலையாட்டல்’னு பேரு. ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்க மடிச்சு, ஒரு விரலு அங்கிட்டும் ஒரு விரலு இங்கிட்டும் காட்டி, நான் இல்ல, அவுக பொறுப்புங்கிறது. அதுக்கு ‘ஜிஎம் சல்யூட்’. நம்ம கண்மாய் மடையச் சரி பண்ண வருசா வருசம் மந்தையில கூடுறோமே, அதே கூட்டம்தான், ஆனா அங்க காப்பி இலவசம். முக்கியமான கூட்டத்துல நோட்டுல எதையும் எழுதுறதில்லன்னும் சில பேரு வலுக்காஸ்கிட்ட ஒத்துக்கிட்டாங்க. எழுதுனா வக்கீலுக்குப் பிடிக்காதுன்னு அவுகளா ஒரு நினைப்பு. அதனால நீ கூட்டத்துக்குப் போறப்ப நோட்டு எடுத்துட்டுப் போ, பேனாவ மறந்துட்டுப் போ.

இம்புட்டையும் தூக்கிச் சாப்பிடுற வித்தை ஒண்ணு இருக்கு. 2006 ஏப்ரல்ல அந்த ‘நரகத்து சுவிட்ச்’ இன்ஜினியர் சத்தமில்லாம சுவிட்சைச் சரி பண்ணிட்டாரு. குச்சிய ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நீளமாக்கி, ஸ்பிரிங்கை விறைப்பாக்கினாரு, அந்தச் சுவிட்ச் புது வண்டிக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. நல்ல காரியம்தானங்கிற? உதிரிபாகத்து நம்பரை மாத்தல மாப்ளே. பழசுக்கும் புதுசுக்கும் ஒரே நம்பரு. அப்புறம் வருசக்கணக்கா விசாரிச்ச அவுக ஆளுகளே மண்டையப் பிச்சுக்கிட்டாங்க. 2007 வரைக்கும் வந்த வண்டி சாகடிக்குது, 2008 வண்டி சமத்தா இருக்கு, சுவிட்சோ ஒரே நம்பரு, அப்ப சுவிட்ச்ல கோளாறு இல்லபோல! திருடன் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு வெளியில தேடுறவனுக்கு லாந்தர் பிடிச்ச கதை.

இந்த எடத்துல மட்டும் மாமன் கேலி பண்ண மாட்டேன். 2010-ல ஜார்ஜியா மாநிலத்துல ஒரு நர்ஸ் பொண்ணு. வண்டி ஓடுறப்பவே அணைஞ்சிருச்சுன்னு டீலர்கிட்டக் கொண்டுபோய் விட்டுச்சு. அங்க பெட்ரோல் போற பாதையக் கழுவித் துடைச்சு, சரியாயிருச்சுன்னு குடுத்துட்டாங்க. வண்டியத் திரும்ப வாங்கின கையோட அந்தப் பொண்ணு விபத்துல போயிருச்சு. அவ அப்பா ஆத்தா வழக்குப் போட்டாங்க. அவுக வக்கீல் ஒரு இன்ஜினியரப் பிடிச்சுட்டு வந்தாரு. அவரு கடையில அதே நம்பர்ல ஒரு புது சுவிட்ச் வாங்கினாரு. செத்த வண்டியில கழட்டினதையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பிரிச்சுப் பாத்தாரு. குச்சி நீளம் வேற. கம்பெனி பத்து வருசமாக் கண்டுபிடிக்காதது அங்க வெளிச்சத்துக்கு வந்திருச்சு.

அப்புறம் என்ன, 2014 பிப்ரவரியில வண்டியத் திரும்பக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. கோபால்ட், சாட்டர்ன் அயான், பான்டியாக் ஜி5ன்னு ஒவ்வொண்ணாச் சேத்து 26 லட்சம் வண்டி. செத்தது 13 பேருன்னு அப்ப கம்பெனி சொல்லுச்சு. நட்ட ஈட்டுக்குன்னு கென்னத் ஃபைன்பெர்க்னு ஒருத்தர வச்சாங்க. அவரு ஒவ்வொரு மனுவாப் பிரிச்சுப் பாத்து ஏத்துக்கிட்ட சாவு 124. காயம் பட்டவுக 275. பதவிக்கு வந்து நாலு மாசம்கூட ஆகாத கம்பெனித் தலைமை அதிகாரி மேரி பாராவ ஏப்ரல்ல அமெரிக்க நாடாளுமன்றத்துல நிக்க வச்சுக் கேட்டாங்க. சரி பண்ண சாமானுக்கு 57 சென்ட் ஆகியிருக்கும்னு அங்க ஒரு உறுப்பினர் அம்மா சொல்லிச்சு. முக்கால் டாலர்கூட இல்ல. 2015-ல வழக்கை முடிக்கக் கட்டினது 90 கோடி டாலர். கட்டுப்படியாகாதுன்னு 2005-ல ஒரு கணக்குப் போட்டாங்களே, அந்தக் கணக்கு வாத்தியாரு எந்தப் பள்ளிக்கூடமோ.

நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்காதுன்னு நெனச்சுறாத. அதே ஜெனரல் மோட்டார்ஸோட டவேரா இங்க எத்தனை கல்யாணத்துக்கு ஓடியிருக்கு? புகைச் சோதனையில தில்லுமுல்லு இருந்ததுன்னு 2013-ல 1 லட்சத்து 14 ஆயிரம் டவேராவத் திரும்பக் கூப்பிட்டாங்க. 2017 கடைசியோட இங்க விக்கிறதையே நிறுத்திட்டுப் போயிட்டாங்க. இப்ப நம்ம சட்டமும் கொஞ்சம் முறைக்குது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறை இருக்கிற வண்டியத் திரும்பக் கூப்பிடச் சொல்லி சர்க்காரே உத்தரவு போடலாம்னு வச்சாங்க. 2021 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. ஏழு வருசத்துக்கு உட்பட்ட வண்டின்னா வாங்கினவன் சர்க்கார்கிட்டயே புகார் எழுதலாம். புகார் போதுமான அளவு சேந்தாத்தான் விசாரணை. கம்பெனிக்கு அபராதம் 10 லட்சத்துலருந்து 1 கோடி வரைக்கும். கார்ல சாஞ்சு நின்னு சிரிக்கிறதுக்கு ஒரு நடிகர் அதவிடக் கூட வாங்குவாருன்னு நெனைக்கிறேன். அதனால உங்க முதலாளிக்குத் தூக்கம் ஒண்ணும் கெட்டுறாது.

உனக்கும் பயம் வேண்டாம். கோபால்ட் விசயத்துல கம்பெனி காசு கட்டுச்சு, 15 பேருக்கு வேலை போச்சு, தனி ஆளு எவனும் கூண்டுல ஏறல. ஆக, பெட்டியப் பாத்துப் போடு, வார்த்தையப் பாத்து எழுது, தலையப் பாத்து ஆட்டு. பிரமோசன் தானா வரும்.

இம்புட்டும் சொல்லிக் குடுத்த பிறகும் பிழைக்கத் தெரியாம, எவனோ ஒருத்தன் வண்டி அணையுதுன்னு எழுதினான்னு அவனுக்கே போனப் போட்டு, எங்கப்பா, என்ன வேகம், சாவி எந்தப் பக்கம் கெடந்துச்சுன்னு கேட்டு, அவன் சொன்னத அவன் சொன்னபடியே எழுதி, தேதியும் போட்டு, கூட்டத்துல நோட்டை விரிச்சு வச்சு உக்காந்தேன்னு வையி, மூணே மாசத்துல மேல இருக்கிறவன் உன்ன வெரட்டிருவான். வெரட்டுனா நேரா ஊருக்கு வந்துரு. ஓடைக்கரைப் புஞ்சை தரிசாத்தான் கெடக்கு. மாமன் கூலி குடுப்பேன், என்ன, கொஞ்சம் கடன் சொல்லுவேன். வர்றப்ப அந்த ஆபீஸ் ஷூவ மட்டும் கழட்டி வச்சிட்டு வா மாப்ளே, வரப்புல வழுக்கும்.